நிரம்பவே நிரம்பாத தொட்டி

“வீடு கட்டி இருபது வருஷம் ஆச்சு. இன்னும் ஒரு தடவைகூட லாரியைக் கூப்பிட்டதில்லை.” தமிழ்நாட்டின் எந்தப் புறநகர்த் தெருவிலும் தன் செப்டிக் டேங்கைப் பற்றி இப்படிப் பெருமையாகச் சொல்லும் வீட்டுக்காரர் ஒருவராவது இருப்பார். கட்டிக்கொடுத்த மேஸ்திரியும் அதையே சான்றாகக் காட்டி அடுத்த வேலையைப் பிடிப்பார். ஐந்து பேர் நாள்தோறும் புழங்கும் கழிப்பறையிலிருந்து இறங்கியதெல்லாம் இருபது ஆண்டுகளில் எங்கே போயிற்று என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் விடை ஒன்றுதான். தொட்டியின் அடியை யாரும் பூசவில்லை. அல்லது அது தொட்டியே இல்லை. நான்கைந்து சிமெண்டு உறைகளை இறக்கி மேலே மூடி போட்ட குழி. உள்ளே போனது மண்ணுக்குள் இறங்கி, அந்த வீட்டு போர்வெல்லையோ பக்கத்து வீட்டுக் கிணற்றையோ நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர்ப்புற வீடுகளில் 32.7 சதவீதத்துக்கே பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தது. செப்டிக் டேங்கை நம்பியவை 38.2 சதவீதம். ஊர்கள் விரியும் வேகத்துக்குச் சாக்கடைக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. விளைநிலம் மனைகளாகப் பிரிகிறது, வீடுகள் எழுகின்றன, குழாய் பல ஆண்டுகள் கழித்து வருகிறது, சில இடங்களில் வருவதே இல்லை. ஆகவே வீட்டுக் கழிவுநீரை வீட்டு எல்லைக்குள்ளேயே எவ்வளவு தூரம் சுத்தம் செய்ய முடியும் என்பது பல கோடிப் பேரின் குடிநீரைத் தொடும் கேள்வி. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்படும் விடைகளில் எளிமையானது, செப்டிக் டேங்குக்கு அடுத்து ஒரு வடிகட்டி அறை சேர்ப்பது. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தொட்டியின் கதை ஃபிரான்சில் தொடங்குகிறது. 1860-களில் வெசூல் நகரைச் சேர்ந்த ழான் லூயி மூரா தன் வீட்டுக் கழிவுக்காகக் காற்றுப் புகாத தொட்டி ஒன்றைக் கட்டினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, எதிர்பார்த்த கசடு மிகக் குறைவாகவே இருந்தது. 1881-ல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1890-களின் நடுவில் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்டு கேமரான் இதே முறையைப் பெரிய அளவில் கட்டி, ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் வைத்தார். செப்டிக் என்பது அழுகலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொட்டியில் எழுந்த வாயுவைக் கொண்டு அந்த நிலையத்தில் விளக்கெரித்தார்கள். போட்டதையெல்லாம் தொட்டி தானே செரித்துவிடும் என்ற நம்பிக்கை அன்றே பிறந்துவிட்டது. நம்மூர் மேஸ்திரியின் வாக்குறுதி அதன் பேரப்பிள்ளை.

அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. தொட்டிக்குள் போகும் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாகப் படியும். கனமானவை அடியில் கசடாகத் தங்கும். நடுவில் கலங்கிய நீர். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கசடை மெதுவாகத் தின்று மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. ஆனால் முழுவதையும் தின்பதில்லை. மிச்சம் ஆண்டுக்கு ஆண்டு சேரும். ஆகவே அடியும் பக்கமும் ஒழுங்காகப் பூசிய தொட்டி சில ஆண்டுகளில் கசடால் நிறைந்தே தீரும். நிரம்புவது அதன் குறை அல்ல, அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

நன்றாக வேலை செய்யும் தொட்டிக்கும் எல்லை உண்டு. திடப்பொருளில் சுமார் பாதியைப் பிடிக்கும். நீரிலுள்ள அழுக்கில் 30 முதல் 40 சதவீதத்தைக் குறைக்கும். இந்த அழுக்கைப் பொறியாளர்கள் ‘பி.ஓ.டி.’ என்ற அளவால் சொல்வார்கள். நீரிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பது அதன் பொருள். பி.ஓ.டி. மிகுந்த நீர் ஏரியில் சேர்ந்தால் மீன் மூச்சுத் திணறிச் சாகும். கிருமிகளின் கணக்கு இன்னும் கவலை தரும். மலக்கிருமிகளில் பத்தில் ஒன்பது பங்கு தொட்டியில் குறையும் என்பார்கள். கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும்போது, மிஞ்சும் பத்தில் ஒரு பங்கே பல லட்சம். தொட்டியைவிட்டு வெளியேறும் நீர் கழிவுநீர்தான். அதைத் தெருச் சாக்கடையில் விடுவதும் குழாய் வைத்து வாய்க்காலில் சேர்ப்பதும், கழிப்பறையையே வாய்க்காலுக்குக் கொண்டுபோவதற்கு ஒப்பானவை.

இது இந்தியப் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470. ஐந்து பேர் வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம் என்று முதல் பகுதி அளவு சொல்கிறது; கசடை ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பதாக வைத்துக்கொண்ட அளவு அது. இரண்டாம் பகுதி முழுவதும் வெளியேறும் நீரைப் பற்றியது. மண் உறிஞ்சும் இடமானால் உறிஞ்சுகுழியோ, ஜல்லி நிரப்பிய வாய்க்காலோ அமைக்கலாம். அதுவும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கு அப்பால். மண் உறிஞ்சாத இடத்துக்கு, கீழிருந்து மேலாக நீர் ஏறும் காற்றில்லா வடிகட்டி. 1980-களிலேயே அச்சான இந்த இரண்டாம் பகுதி பெரும்பாலான கட்டுமான இடங்களை எட்டவே இல்லை. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் 18 மீட்டர் தள்ளிப்போக இடமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் போர்வெல் நம் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

வடிகட்டி என்ற சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்காவில் ஐந்தில் ஒரு வீடு செப்டிக் டேங்கை நம்பியிருக்கிறது. அங்கே தொட்டியின் வெளியேற்றுக் குழாய்க்குள் பிளாஸ்டிக் உருளை ஒன்றைச் செருகுகிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டிய சன்னமான பிளவுகள் அதில் இருக்கும். மிதக்கும் துணுக்குகள் வெளியேறி உறிஞ்சுபடுகையை அடைக்காமல் அது தடுக்கிறது. சில மாநிலங்களில் புதிய தொட்டிகளுக்கு அது கட்டாயம். காபி வடிகட்டி போன்ற அதன் வேலை திப்பியைப் பிடிப்பதோடு முடிகிறது. அவ்வப்போது எடுத்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சித் தொட்டிக்குள்ளேயே கழுவிவிட்டால் போதும். கரைந்த அழுக்கை அது தொடுவதே இல்லை.

இந்தக் கட்டுரை பேசும் வடிகட்டி வேறு. அதில் அழுக்கை நிறுத்துவது துளை அல்ல, உயிர். 1969-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் யங், பெரி மெக்கார்ட்டி இருவரும் வெளியிட்ட ஆய்வுதான் இம்முறையை உலகம் கவனிக்கச் செய்தது. தொட்டிக்கு அடுத்த அறையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் துளையிட்ட கான்கிரீட் பலகை. அதன்மேல் ஜல்லி. தொட்டியிலிருந்து வரும் நீர் குழாய் வழியாகப் பலகைக்கு அடியில் இறங்கி, ஜல்லி இடுக்குகள் வழியாக மெல்ல மேலேறி, மறுபுறம் வழிந்து போகும். சில மாதங்களில் ஒவ்வொரு கல்லின்மீதும் கரும்பழுப்பு நிறத்தில் வழவழப்பான படலம் ஒட்டும். அந்தப் படலம் முழுக்கப் பாக்டீரியாக்கள். சாதாரணத் தொட்டியில் பாக்டீரியாவின் பெரும்பகுதி அடிக் கசடில் கிடக்க, அழுக்கு நீர் அதைத் தொடாமல் மேலாகவே நழுவிப் போய்விடுகிறது. வடிகட்டி அறையில் அந்த வழி அடைபடுகிறது. எந்தத் துளியும் பாக்டீரியாவை உரசாமல் வெளியேற முடியாது. மின்சாரம், மோட்டார், ரசாயனம் எதுவும் வேண்டியதில்லை.

பலன் கணிசமானது. நன்றாக அமைந்த வடிகட்டியில் பி.ஓ.டி.யும் மிதக்கும் துகளும் பொதுவாக 50 முதல் 80 சதவீதம் வரை குறையும். சிறந்த நிலையில் 90-ஐத் தொடும். நம் நாட்டு வெப்பம் இதற்கு வரம். காற்றில்லாப் பாக்டீரியாக்கள் குளிரில் சோம்பும், வெக்கையில் சுறுசுறுப்பாகும். ஐரோப்பியக் குளிர்காலம் இம்முறைக்கு எதிரி; மதுரை, திருச்சி வெயில் நண்பன்.

எந்தக் கல் என்பதில் மேஸ்திரிகளுக்குத் தடுமாற்றம் தேவையில்லை. தர நிர்ணயம் சொல்வது 20 மில்லிமீட்டர், அதாவது முக்கால் ஜல்லி. உடைத்த செங்கல், வெட்டிய பிளாஸ்டிக் குழாய், இதற்கென்றே வார்த்த பிளாஸ்டிக் வளையங்கள் எல்லாம் உலகெங்கும் பயன்படுகின்றன. சிறிய கல்லில் பரப்பு அதிகம், ஆனால் சீக்கிரம் அடைபடும். பெரிய கல் அடைபடாது, ஆனால் பாக்டீரியா ஒட்ட இடம் குறைவு. அதனால் சில வடிவமைப்பாளர்கள் அடியில் ஒன்றரை ஜல்லியும் மேலே முக்கால் ஜல்லியும் போடுகிறார்கள். மணல் கூடவே கூடாது. சில மாதங்களில் அடைத்துக்கொண்டு வீட்டுக் கழிப்பறை வரை நீர் எதிர்த்து ஏறும்.

எவ்வளவு ஜல்லி? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். ஆளுக்கு 40 முதல் 50 லிட்டர் என்கிறது பழைய இந்திய அளவு. ஐந்து பேருக்கு 200 முதல் 250 லிட்டர். தண்ணீர் பிடிக்கும் நீல நிற டிரம் ஒன்றின் அளவு. இன்றைய வீட்டின் எல்லாக் கழிவுநீரையும் விடுவதானால் இது போதாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் புழக்கம் என்று நகரங்களுக்கு மத்திய அரசின் கையேடு வைத்திருக்கும் அளவையே எடுத்துக்கொண்டால், ஐந்து பேருக்கு 675 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்றால் 540 லிட்டர். வடிகட்டிக்குள் நீர் குறைந்தது 12 மணி நேரமாவது தங்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. அதற்கு 270 லிட்டர் வெற்றிடம் வேண்டும். ஜல்லிப் படுகையில் வெற்றிடம் சுமார் 40 சதவீதமே. ஆகவே படுகை 675 லிட்டர், மூன்று டிரம்முக்கும் மேல். வெற்றிடம் 90 சதவீதம் உள்ள பிளாஸ்டிக் வளையமானால் 300 லிட்டர் போதும். பெயருக்கு ஒரு சிறு அறையைக் கட்டி நாலு கூடை ஜல்லியைக் கொட்டிவிட்டு ‘ஃபில்டர் டேங்க்’ என்று அழைப்பதற்கும் உண்மையான வடிகட்டிக்கும் இடையிலுள்ள தூரம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

படலம் முழுமையாக வளர ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். முதல் மாதமே தெளிந்த நீரை எதிர்பார்க்கக் கூடாது. வேறொரு பழைய தொட்டியின் கசடையோ சாணக் கரைசலையோ ஊற்றி வளர்ச்சியை விரைவுபடுத்தலாம். வளர்ந்தபின் அதைக் கொல்லாமல் இருப்பது வீட்டாரின் பொறுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் கழிப்பறையை ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தாராளமாக ஊற்றும் ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் கீழே இறங்கிச் செய்யும் வேலை வெளியே தெரிவதில்லை. இறந்த பாக்டீரியாவுக்கு ஈடாகக் கடையில் விற்கும் பொடியை வாங்கிப் போடுவார்கள். அந்தப் பொடிகள் இல்லாமலே தொட்டி இயங்கும். அவற்றைப் போட்டாலும் கசடை எடுக்காமல் தப்ப முடியாது.

இனி, வடிகட்டியால் முடியாததைச் சொல்ல வேண்டும். கிருமிகளை அது குடிநீரளவுக்கோ குளிக்கும் நீரளவுக்கோகூட நீக்காது. நைட்ரஜனில் 15 சதவீதத்துக்கு மேல் அது குறைப்பதில்லை. சிறுநீரிலிருந்து வரும் நைட்ரஜன் அம்மோனியாவாக வடிகட்டியைக் கடந்து, மண்ணில் காற்றுப் பட்டதும் நைட்ரேட்டாக மாறி, நிலத்தடி நீரோடு கலந்துவிடும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. புட்டிப்பால் கரைக்கும் நீரில் அது மிகுந்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும்.

இதன் கனத்தை நன்றாக அறிந்த தமிழ் மண் யாழ்ப்பாணம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத அந்தக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே கிணறுகளில் இறைத்துக் குடிக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் அதிகம். மேலே விட்டது வடிகட்டப்படாமலே கீழே இறங்கும். தோட்டங்களுக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து கிணற்று நீரில் நைட்ரேட்டை ஏற்றியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை அங்கே பல கிணறுகள் தாண்டியிருக்கின்றன. செப்டிக் டேங்குக்கும் அதன் கழிவுநீருக்கும் எஸ்.எல்.எஸ். 745 என்ற தனித் தர நிர்ணயம் இலங்கைக்கு உண்டு. ஆனால் காணிக்கு ஒரு கிணறும் ஒரு குழியும் அருகருகே இருக்கும் ஊரில் வடிகட்டி அறை மட்டும் காப்பாற்றாது. அதற்குப் பின்னால் இன்னொரு படி வேண்டும்.

அந்தப் படி செடிகளோடு வருகிறது. வடிகட்டியைக் கடந்த நீரை, அடி பூசிய ஆழமில்லாத ஜல்லிப் படுகைக்குள் விட்டு, மேலே கல்வாழையோ நாணலோ நடுவது. வேரும் வேரைச் சுற்றிய காற்றும் மிச்ச அழுக்கையும் கிருமியையும் மேலும் குறைக்கும். காற்றுப் படும் பகுதியும் படாத பகுதியும் மாறிமாறி வந்தால் நைட்ரஜனிலும் ஒரு பங்கு வாயுவாகப் பறந்துபோகும். புதுச்சேரி தவளக்குப்பத்திலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை இந்த வழியைப் பெரிய அளவில் பின்பற்றுகிறது. காற்றில்லாத் தொட்டிகள், செடி நட்ட ஜல்லிப் படுகை, பிறகு திறந்த குளம் என்று வரிசையாகக் கடந்த நீர் தோட்டத்துக்குப் போகிறது. ஒரு வீட்டுக்கு இதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். கொல்லையில் வாழை நட்டு வைக்கும் இடம் போதும். குளியலறைத் தண்ணீரை வாழைக்கு விட்ட தலைமுறைக்கு இது புதிய சிந்தனையும் அல்ல.

குளியலறைத் தண்ணீர் என்றதும் ஜப்பானின் அனுபவத்தைச் சொல்லாமல் நகர முடியாது. ஜப்பானியர்கள் ‘ஜோகாசோ’ என்று அழைக்கும் வீட்டுத் தொட்டி உலகிலேயே மிகவும் வளர்ந்த, வடிகட்டி பொருத்திய செப்டிக் டேங்க். ஃப்ளஷ் கழிப்பறை பரவிய காலத்தில் அங்கும் கழிப்பறை நீருக்கு மட்டுமே தொட்டி வைத்தார்கள். சமையல், குளியல், துணி துவைத்த நீர் நேராகச் சாக்கடைக்குப் போனது. ஆறுகள் கெட்டன. காரணத்தைத் தேடியபோது கிடைத்த கணக்கு எளிமையானது. ஒருவர் ஒரு நாளில் உண்டாக்கும் பி.ஓ.டி. சுமார் 40 கிராம். அதில் கழிப்பறையிலிருந்து வருவது 13 கிராமே. மீதி 27 கிராம் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வருகிறது. கழிப்பறைக்கு மட்டும் தொட்டி வைத்த வீடு, அந்தத் தொட்டி நன்றாக வேலை செய்தாலும், ஆளுக்கு 32 கிராமை வெளியே விட்டது. எல்லா நீரையும் சேர்த்துச் சுத்திகரிக்கும் தொட்டி வைத்த வீடு 4 கிராமை மட்டும் விட்டது. எட்டு மடங்கு வேறுபாடு. 2001 முதல் கழிப்பறைக்கு மட்டுமான தொட்டிகளைப் புதிதாக வைப்பது அங்கே நிறுத்தப்பட்டது.

நம் வீடுகள் இன்றும் அந்தப் பழைய ஜப்பானிய வீடுகளைப் போலத்தான் இருக்கின்றன. கழிப்பறைக் குழாய் தொட்டிக்கு, மற்றதெல்லாம் தெருவுக்கு. “குளிக்கிற தண்ணியையும் விட்டா டேங்க் தாங்காது” என்று மேஸ்திரி சொல்வார். சிறிய தொட்டிக்கு அது நியாயமான அச்சம். நீர் வேகமாகப் புகுந்தால் கசடு கலங்கி வெளியேறும். தொட்டியையும் வடிகட்டியையும் அந்த நீருக்குத் தக்கபடி பெரிதாகக் கட்டி, சமையலறை நீருக்கு முன்னால் எண்ணெய் பிடிக்கும் சிறு தொட்டி வைத்தால் அச்சம் தீரும். செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் தெருச் சாக்கடையில் ஓடும் சோற்றுக்கஞ்சியும் சோப்பும் எண்ணெயும் ஊர் ஏரியை வந்தடையும்போது அந்தச் செலவை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

ஜோகாசோவின் உள்ளமைப்பு நம் வடிகட்டித் தொட்டிக்கு உறவுக்காரன்தான். சிறிய வீட்டுக்கான பழகிய வடிவத்தில் முதலில் காற்றில்லா வடிகட்டி அறைகள் இரண்டு. பிறகு காற்று ஊதும் அறை, தெளியும் அறை, குளோரின். லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி.க்கு மேல் வெளியே விடக் கூடாது என்பது விதி. காற்று ஊத மின்சாரம் இரவு பகலாக ஓட வேண்டும். அதுவே அதன் சுமை. ஆனால் ஜப்பானிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஊதுகருவியைவிட, 1983-ல் இயற்றிய ஜோகாசோ சட்டத்தை. தொட்டியைப் பொருத்த உரிமம் பெற்றவர், பராமரிக்கத் தேர்வு எழுதித் தேறியவர், ஆண்டுக்கு ஒருமுறையாவது கசடு எடுத்தல், ஆண்டுதோறும் வெளியார் ஒருவரின் சோதனை என்று அந்தச் சட்டம் தொட்டியை வாகனத்தைப் போலப் பார்க்கிறது. ஓட்டினால் பழுது வரும், சர்வீஸுக்கு விட வேண்டும் என்று.

தொட்டி இருந்தும் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாமைப் பார்க்கலாம். அங்கே நகர வீடுகளில் செப்டிக் டேங்க் ஏறக்குறைய எங்கும் உண்டு. ஹனோய் நகரப் பொறியாளர்கள் தடுப்புச் சுவர்களும் வடிகட்டியும் சேர்ந்த மேம்பட்ட தொட்டி ஒன்றையும் உருவாக்கினார்கள்; ‘பாஸ்டாஃப்’ என்று அதற்குப் பெயர். ஆனால் 2013-ல் உலக வங்கி செய்த மதிப்பாய்வில், தொட்டிகளில் சேரும் கசடில் 4 சதவீதம் மட்டுமே சுத்திகரிக்கப்படுவது தெரிந்தது. அயர்லாந்து போன்ற வசதியான நாட்டிலும் நிலைமை பெருமைப்படத் தக்கதல்ல. 2012-ல் சட்டம் போட்டு வீட்டுத் தொட்டிகளைப் பதிவு செய்து சோதிக்கத் தொடங்கியபோது, பார்த்தவற்றில் கிட்டத்தட்டப் பாதி தேறவில்லை. மண்ணுக்குள் மறைந்துகிடக்கும் எதையும் மனிதர் மறந்துவிடுவது எல்லா ஊருக்கும் பொது.

கசடு எடுப்பது என்றவுடன் தமிழ்நாட்டில் இன்னொரு உண்மை முன்னால் வந்து நிற்கிறது. தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்துச் செத்தவர்களின் உண்மை. கசடைக் கிளறும்போது அதுவரை அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஒரே மூச்சில் வெளிப்படும். மிகுந்த அளவில் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், ஆபத்து வருவது இறங்கியவருக்குத் தெரியாது. அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அப்படியே சாய்கிறார்கள். 2013-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரைத் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 2014-ல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று அறிவித்த உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சாதியினர் என்பதை நாடு அறியும்.

வடிகட்டி அறை கட்டும் ஒவ்வொருவரும் இதை வரைபடத்திலேயே மனத்தில் வைத்தாக வேண்டும். ஜல்லி நாளடைவில் அடைபடும். அப்போது யாரையாவது இறக்கி வாரி எடுக்கச் சொல்வது என்றால், அந்த வடிகட்டியைக் கட்டாமலே இருக்கலாம். செய்ய வேண்டியது சிறிய விஷயம். துளையிட்ட பலகைக்கு அடி வரை செங்குத்தாக அகலமான பி.வி.சி. குழாய் ஒன்றை நிறுத்தி, மேலே மூடி போட வேண்டும். லாரியின் உறிஞ்சுகுழலை அதற்குள் விட்டு இழுத்தால் அடியில் தங்கிய கசடு வரும். மேலிருந்து நீரைப் பீய்ச்சினால் ஜல்லியில் அடைந்ததும் இறங்கும். யாரும் உள்ளே இறங்க வேண்டாம். படலம் முழுவதையும் கழுவித் துடைக்காமல் கொஞ்சம் விட்டுவைத்தால் மறுபடி வளர்ச்சி சீக்கிரம் வரும். தொட்டியின் ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி வேண்டும், அது தரைமட்டத்தில் தெரிய வேண்டும். போர்ட்டிகோ டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிட்ட மூடியை எந்த லாரிக்காரரும் கண்டுபிடிக்க மாட்டார்.

லாரி எடுத்துப்போன கசடு எங்கே போகிறது என்பதும் இதே கதையின் பகுதிதான். பல ஆண்டுகள் அது இரவில் வாய்க்காலிலும் புறம்போக்கிலும் கொட்டப்பட்டது. ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொட்ட முறையான இடம் அருகில் இருக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2014-ல் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2017-ல் மதுராந்தகத்தை ஒட்டிய கருங்குழி பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. கசடை உலர்த்தும் படுகைகள், வடிந்த நீருக்குத் தனிச் சுத்திகரிப்பு. திருச்சியில் லாரிகள் கழிவுநீர் உந்து நிலையங்களில் கசடை இறக்க, அது சாக்கடை நீரோடு சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. கோவைக்கு அருகே பெரியநாயக்கன்பாளையத்திலும் நரசிம்மநாயக்கன்பாளையத்திலும் சிறு ஊர்களுக்கேற்ற முறைகள் முயலப்பட்டன. திசை சரியானது. ஆனால் இங்கெல்லாம் லாரி இன்னும் வீட்டுக்காரர் கூப்பிட்டால்தான் வருகிறது, வீட்டுக்காரர் கழிப்பறையில் நீர் எதிர்த்து ஏறினால்தான் கூப்பிடுகிறார். அதற்குள் கசடு வடிகட்டிக்குள் புகுந்திருக்கும்.

மகாராஷ்டிரத்தின் வாய், சின்னர் என்ற இரு சிறு நகரங்கள் இந்தச் சுழலை உடைத்தன. 2018 முதல் அங்கே நகராட்சியே தெருத்தெருவாக வரிசை வைத்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா வீட்டுத் தொட்டிகளையும் காலி செய்கிறது. செலவு தனிக் கட்டணமாக இல்லாமல் ஆண்டு வரியில் சேர்ந்து போகிறது. யாரும் கூப்பிட வேண்டாம், யாரும் தள்ளிப்போட வேண்டாம். தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளுக்கு மிகவும் பொருந்துவது இந்த ஏற்பாடுதான் என்று தோன்றுகிறது. ஒரு வீட்டில் எத்தனை நல்ல வடிகட்டி இருந்தாலும், அதற்கு முன்னாலுள்ள தொட்டி காலியாவது அந்த வீட்டாரின் நினைவாற்றலைப் பொறுத்ததாக இருக்கும் வரை அதன் ஆயுள் சில ஆண்டுகளே.

எல்லா ஊருக்கும் இந்த வடிகட்டி வேண்டும் என்பதும் இல்லை. செம்மண் நிலம், ஆழத்தில் நீர்மட்டம், வீடுகளுக்கிடையே தாராளமான இடம் என்றால் கிராமத்து இரட்டைக் குழிக் கழிப்பறையே போதும். ஒரு குழி நிறைந்ததும் மறு குழிக்கு மாற்றிவிட்டு, ஓராண்டுக்கு மேல் மூடி வைத்தால் மலம் மக்கி மண்ணாகிவிடும். கரிசல் மண்ணில் கதை வேறு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மழையில் ஊறி இறுகி, உறிஞ்சுகுழியின் நீரை உள்ளே வாங்க மறுக்கும். கடலூர், நாகப்பட்டினம் கரைகளில் நாலடி தோண்டினால் நீர் ஊறும். அங்கே உறை இறக்குவது நிலத்தடி நீரிலேயே மலத்தைக் கலப்பது. கொங்குப் பாறையின் வெடிப்புகள் கழிவை நெடுந்தூரம் கொண்டுபோகும். அடி பூசிய தொட்டியும் வடிகட்டியும் செடிப் படுகையும் முதலில் போக வேண்டியவை இத்தகைய ஊர்களுக்கும், வீடுகள் நெருங்கிய புறநகர் மனைகளுக்கும்தான்.

இவ்வளவுக்கும் அடிப்படை, ஸ்லாப் போடுவதற்கு முந்தைய நாள் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை. தொட்டியையும் வடிகட்டி அறையையும் நல்ல தண்ணீரால் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். சுவர் ஈரம் குடித்து முடிக்க ஒரு நாள் விட்டு, குறைந்ததை நிரப்பி, நீர்மட்டத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு வரலாம். மறுநாள் காலையில் கோடும் நீரும் ஒட்டியிருந்தால் ஸ்லாப் போடலாம். நீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், கொத்தனாரை மறுபடி பூசச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.